அவர்கள் காத்த இதழ்கள், நாம் தொலைத்த இதழ்கள்

திண்டுக்கல் வட்டாரச் சேரிகளைப் பற்றி 150 ஆண்டுகளுக்கு முன்பு யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்டால், கிடைக்கும் பதில்களில் ஒன்று நம்மைத் திகைக்க வைக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அச்சான ஒரு மாத இதழ் எழுதி வைத்தது. 'மிஷனரி ஹெரால்டு' என்பது அதன் பெயர். 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், மறு ஆண்டே திண்டுக்கல்லில் ஒரு நிலையம் அமைத்தது. இங்கிருந்து பாதிரிமார்கள் எழுதிய கடிதங்கள் கப்பலேறிப் போய் அந்த இதழில் அச்சாகின. பள்ளிக்கூடம், காலரா, பஞ்சம், சாதிச் சண்டை என்று நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துச் செய்திகள் அங்கே கிடக்கின்றன. இன்று இணையத்தில் அதன் பழைய தொகுதிகளை யாரும் புரட்டலாம்.

நம் மக்கள் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வாய் திறப்பதில்லை. அவர்களைப் பற்றி வேறொருவர், கடல் தாண்டி இருக்கும் இன்னொருவருக்கு, பணி நடக்கக் காணிக்கை வேண்டி எழுதுகிறார். எழுதியவருக்கு நல்ல மனம் இருந்திருக்கலாம். பேனா மட்டும் நம் கையில் இல்லை.

பழைய அமெரிக்க இதழ்களைப் படிப்பதில் நமக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே அச்சிட்டதற்கும், தன்னைப் பற்றிப் பிறர் அச்சிட்டதற்கும் உள்ள தூரத்தை அந்த இதழ்களைப் போலக் காட்டுவது வேறெதுவும் இல்லை. அந்தக் காகிதங்களைக் காப்பாற்றியவர்களுக்கு என்ன கிடைத்தது, காப்பாற்றாத நாம் எதை இழந்தோம் என்பதையும் அவை சொல்கின்றன.

இரண்டு அளவுகோல்

அந்த அமெரிக்க மிஷனையே எடுத்துக்கொள்வோம். 1847-இல் மதுரை மிஷன் சாதிக்கு எதிராகக் கடுமையான முடிவு ஒன்றை எடுத்தது. சாதி வழக்கத்தை விடாதவருக்குத் திருச்சபையில் இடமில்லை என்றது. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உட்கார்ந்து உண்ண முடியாது என்றவர்கள் விலக்கப்பட்டார்கள். உபதேசியார்கள் உட்படப் பலர் வெளியேறினார்கள். அக்காலத்தில் அது பெரிய காரியம். இதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1845-இல், இதே மிஷனின் தலைமைச் சங்கம் புரூக்ளினில் கூடியபோது என்ன நடந்தது? செரோக்கி, சோக்டா பழங்குடிகளிடையே அச்சங்கம் நடத்திய திருச்சபைகளில், கறுப்பின அடிமைகளை வைத்திருந்தவர்களும் உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர்களை விலக்க வேண்டும் என்று அடிமை ஒழிப்பாளர்கள் கேட்டார்கள். சங்கம் இணங்கவில்லை. பொறுமை வேண்டும், போகப் போகத் திருந்துவார்கள் என்ற வகையில் பதில் வந்தது. அதனால் மனம் கசந்தவர்கள் பிரிந்து போய் 1846-இல் வேறொரு சங்கம் கண்டார்கள்.

மதுரைச் சாதிக்கு ஒரு சட்டம், தன் நாட்டு அடிமை முறைக்கு ஒரு சட்டம். அடுத்த வீட்டு அழுக்கு பளிச்சென்று தெரிகிறது. தன் வீட்டு அழுக்குக்குப் பொறுமை தேவைப்படுகிறது. பழைய இதழ்களைப் புரட்டுகிறவர்கள் இந்தப் பாடத்தை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். இதழ் எதைச் சொல்கிறது என்று பார்ப்பதோடு, எவர் காசில் எவர் படிக்க அச்சானது என்றும் பார்க்க வேண்டும்.

காந்திகிராமத்துக்கு வந்த விருந்தாளி

நூறு ஆண்டுகள் கழித்து இதே கண்ணாடி எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. 1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் தன் துணைவியார் கொரெட்டாவுடன் இந்தியா வந்தார். ஏறத்தாழ ஒரு மாதம் சுற்றினார். தெற்கே வந்தபோது நம் சின்னாளப்பட்டிக்கு அருகே, டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்துக்கும் வந்தார். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

ஊர் திரும்பிய கிங், தன் பயணத்தைப் பற்றி 'எபனி' இதழின் 1959 ஜூலை வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கா கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்வதை விட வேகமாக இந்தியா தீண்டத்தகாதோரைச் சேர்த்துக்கொள்கிறது என்பது அதில் அவர் சொன்ன கருத்துகளில் ஒன்று. இந்தியாவில் எந்தத் தலைவரும் தீண்டாமையை ஆதரித்து வெளிப்படையாகப் பேசத் துணிவதில்லை. அமெரிக்காவிலோ நிறப் பாகுபாட்டைப் பெருமையாகப் பேசும் தலைவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் ஒப்பிட்டார். தன் நாட்டு வெள்ளைத் தலைவர்களை வெட்கப்படச் செய்ய வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்த நோக்கம் நியாயமானது.

ஆனால் 1959-இல் இங்கே நிலைமை என்ன? 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்திருந்தது உண்மை. 1957 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டதும் உண்மை. சாதிக்கு முன்னால் தலைவணங்க மறுத்த இளைஞர் அவர். கிங் மதுரைப் பக்கம் வந்தபோது முதுகுளத்தூர்க் கலவரம் நடந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. தலைவர்கள் வெளிப்படையாகப் பேசாததால் தீண்டாமை ஓய்ந்துவிடவில்லை. தேநீர்க் கடைத் தனிக் குவளைக்கும் சுடுகாட்டுப் பாதைத் தடைக்கும் யாரும் மேடை போட்டுப் பேசத் தேவையிருக்கவில்லை. விருந்தாளிக்கு அதைக் காட்டுவார் இல்லை. காட்டுவதற்கு நம் கையில் ஓர் இதழும் இல்லை.

அதே பயணத்தில் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்று தைத்தது என்றும், பிறகு யோசித்தபோது அது உண்மை என்று புரிந்தது என்றும் 1965 ஜூலை 4-ஆம் நாள் தேவாலயப் பிரசங்கத்தில் கிங் சொன்னார். தலைவர்கள் சொல்லித் தந்ததை விட, தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் நிறைந்த அந்தப் பள்ளிக்கூடம் அவருக்குச் சொல்லித் தந்ததே ஆழமானது.

ஒரு கொலை, இரண்டு இதழ்கள்

நம் கையில் இதழ் இருந்தால் என்ன ஆகும்? இதற்கு 1955-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விடை இருக்கிறது.

சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில், மிசிசிப்பி மாநிலத்தில் உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போனான். ஒரு கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று சொல்லி, ஆகஸ்டு 28-ஆம் தேதி இரவில் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொன்று ஆற்றில் எறிந்தார்கள். சிதைந்த உடல் சிகாகோவுக்கு வந்தபோது அவன் தாய் மேமி டில் பெட்டியை மூடவிடவில்லை. என் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்றார். கறுப்பின மக்கள் நடத்திய 'ஜெட்' என்ற சிறிய வார இதழ் அந்த முகத்தைப் படம் எடுத்து அச்சிட்டது. வெள்ளையர் நடத்திய பெரிய ஏடுகள் தொடாத படம் அது. நாடெங்கும் கறுப்பின வீடுகளில் அந்த இதழ் கைமாறியது. அதே டிசம்பரில் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் பிறகு தெருவில் இறங்கியது.

வழக்கு என்ன ஆனது? வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு சுமார் ஒரு மணி நேரத்தில் குற்றவாளிகளை விடுவித்தது. 1956 ஜனவரியில் 'லுக்' என்ற புகழ்பெற்ற வண்ண இதழ் அதே இருவருக்குப் பணம் கொடுத்து, நாங்கள்தான் கொன்றோம் என்று அவர்கள் சொன்ன கதையை வெளியிட்டது. விடுதலையானவர்களை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

செத்தவன் முகத்தை ஓர் இதழ் காட்டியது. கொன்றவன் வாய்க்கு இன்னோர் இதழ் காசு கொடுத்தது. இரண்டும் இன்று நூலகங்களில் இருக்கின்றன. 2022-இல் கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டத்துக்கு எம்மெட் டில் பெயரையே வைத்தார்கள். 67 ஆண்டுகள் அந்தப் பெயர் சாகாமல் இருந்ததற்கு அந்தப் பழைய காகிதமும் ஒரு காரணம்.

1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். முதன்மைக் குற்றவாளிகள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். அந்த 44 பேரின் முகங்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கருங்காலி

'எபனி' என்றால் கருங்காலி மரம். ஜான் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர், தாயின் வீட்டுச் சாமான்களை ஈடு காட்டி 500 டாலர் கடன் வாங்கி 1942-இல் பதிப்புத் தொழிலில் இறங்கினார். 1945 நவம்பரில் 'எபனி'யைத் தொடங்கினார். பெயர் வைத்தவர் அவர் மனைவி யூனிஸ். கறுத்த, உறுதியான, விலை உயர்ந்த மரத்தின் பெயர்.

தமிழில் கருங்காலி என்றால் என்ன பொருளில் திட்டுகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். போராட்டத்தைக் காட்டிக் கொடுப்பவன். ஒரே மரம் அங்கே பெருமை, இங்கே வசவு. இப்போது நம் திண்டுக்கல் பக்கமே கருங்காலி மாலைக்குப் பெயர் போனதாகிவிட்டது. கழுத்தில் போட்டுக்கொள்ளக் கூட்டம் வருகிறது. கறுத்த மரத்துக்குக் கிடைக்கும் மரியாதை கறுத்த மனிதருக்குக் கிடைக்க இன்னும் எவ்வளவு நாள் ஆகுமோ!

அக்கால வெள்ளையர் இதழ்களில் கறுப்பினப் பெண் எப்படி வருவார்? தலையில் துணி கட்டிய சமையற்காரியாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி மாவுப் பொட்டலத்தில் இருப்பார். 'ஆன்ட் ஜெமைமா' என்ற அந்த வணிகப் பெயரை 2021-இல்தான் கைவிட்டார்கள். 'எபனி'யில் அதே பெண் மருத்துவராக, பாடகியாக, ஆசிரியையாக, மணமகளாக வந்தார். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி கிடைத்தது.

அந்தக் கண்ணாடியிலும் கீறல் உண்டு. அதே 'எபனி'யில் தோலை வெளுப்பாக்கும் களிம்புக்கு விளம்பரம் வந்தது. கருங்காலி என்று பெயர் வைத்துக்கொண்டு வெளுப்புக் களிம்பை விற்றது. 1966 ஜூனில்தான் சுருட்டை முடியை நீவி விடாமல் இயல்பாக விட்ட கறுப்பினப் பெண் அதன் அட்டையில் வந்தார். அந்த மக்களின் பெருமை மட்டுமல்ல, தடுமாற்றமும் அந்த இதழில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் அதை வரலாறு என்கிறோம்.

காத்தவர்கள்

இதழ் நடத்தியதோடு அவர்கள் நிற்கவில்லை. ஆர்ட்டுரோ ஷோம்பர்க் என்பவர் கறுப்பின மக்களின் நூல், இதழ், படம், துண்டுத்தாள் என்று வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தார். உங்கள் இனத்துக்கு வரலாறே கிடையாது என்று சிறு வயதில் ஆசிரியர் ஒருவர் சொன்னதுதான் அவரைத் தேட வைத்தது என்பார்கள். 1926-இல் நியூயார்க் பொது நூலகம் 10,000 டாலருக்கு அந்தத் தொகுப்பை வாங்கியது. பிறகு அந்தத் தொகுப்பைப் பல ஆண்டுகள் பொறுப்பேற்றுக் காத்தவர் லாரன்ஸ் ரெட்டிக். 1959-இல் கிங் தம்பதியருடன் இந்தியப் பயணத்தில் வந்த பேராசிரியர் அவரேதான்.

2019-இல் 'எபனி', 'ஜெட்' நிறுவனம் நொடித்து, அதன் படத் தொகுப்பு ஏலத்துக்கு வந்தது. 40 லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். தனியார் கைக்குப் போய்விடக் கூடாது என்று நான்கு அறக்கட்டளைகள் சேர்ந்து 3 கோடி டாலர் கொடுத்து வாங்கிப் பொதுவுக்குக் கொடுத்தன. பழைய இதழின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தொலைத்தவர்கள்

நம்மிடம் இதழே இல்லையா? இருந்தன. 'சூரியோதயம்' 1869-இல் வந்தது. 1885-இல் 'திராவிட பாண்டியன்', 1886-இல் 'மகாவிகட தூதன்'. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன், எந்தச் சொல்லை வசவாக எறிந்தார்களோ அந்தச் சொல்லையே பெயராக்கிப் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 'எபனி'க்கு 52 ஆண்டுகளுக்கு முன்பு, அதே துணிச்சல். 1907 ஜூன் 19-இல் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். பின்னாளில் அம்பேத்கர் 1920-இல் 'மூக்நாயக்' தொடங்கினார். 1946-இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் படிகளைக் கேட்டார். அடுத்தவர் போராட்டத்தின் காகிதம் தனக்கும் ஆயுதம் என்று அவருக்குத் தெரியும்.

இந்த இதழ்களில் எத்தனை முழுதாகக் கிடைக்கின்றன? 'சூரியோதய'த்தின் பெயர்தான் பெரும்பாலும் மிச்சம். 'பறையன்' ஏழாண்டு வந்த இதழ். முழுத் தொகுப்பைக் கண்ணால் பார்த்தவர் யார்? 'தமிழன்' மட்டும் தப்பியது. கோலார் தங்கவயல் போன்ற இடங்களில் பௌத்தக் குடும்பங்கள் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். 1999-இல் ஞான.அலாய்சியஸ் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் தமிழ்நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெட்டிகளைக் கறையான் தின்றிருந்தால் அயோத்திதாசர் இன்று வெறும் பெயர்.

நம் மாவட்டத்து வத்தலக்குண்டு, 'மணிக்கொடி'க்கு பி.எஸ்.ராமையாவையும் 'எழுத்து' இதழுக்கு சி.சு.செல்லப்பாவையும் தந்தது. அந்த இதழ்களைப் பேராசிரியர்கள் ஆராய்கிறார்கள், தொகுக்கிறார்கள். நல்லது, மகிழ்ச்சி. அதே அக்கறையில் பாதியாவது சேரியிலிருந்து வந்த இதழ்களுக்குக் கிடைத்ததா என்பதே கேள்வி. தமிழின் பழைய நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு அதைக் காப்பாற்ற முன்வந்தது, 'எபனி' அச்சான அதே சிகாகோவின் பல்கலைக்கழகம். அதனால் அது இன்று சென்னையில் நூலகமாக நிற்கிறது. நாம் குப்பை என்று நினைத்ததை வரலாறு என்று எடுத்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

காப்பாற்றினால் கசப்பும் சேர்ந்தே வரும். அயோத்திதாசர் எழுத்தில் அருந்ததியர் நடத்தப்பட்ட விதத்தை அருந்ததியர் எழுத்தாளர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அருந்ததியர் பெருந்திரளாக வாழும் திண்டுக்கல் மாவட்டத்தில் அந்த விமர்சனத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இதழ் தப்பியதால்தான் கேள்வியும் எழுந்தது. தொலைந்துபோயிருந்தால் வெறும் புகழ்மாலைதான் மிஞ்சியிருக்கும்.

என்ன செய்யலாம்

இது வெறும் இலக்கிய ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1892-இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கப் போனால் அதிகாரி முதலில் கேட்பது காகிதம். ஊர்க் கூட்டத்தில், நீதிமன்றத்தில், வாரியத்தில் எங்கே போனாலும் காகிதம். காகிதத்தைத் தொலைத்த சமூகம் நிலத்தையும் தொலைக்கிறது, தன் கதையையும் தொலைக்கிறது.

திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்தில் தலித் இதழ்களுக்கென்று ஒரு தனிப் பகுதி வேண்டும். 'தலித் முரசு', 'புதிய கோடாங்கி' போன்று அண்மைக் காலத்தில் வந்தவற்றின் பழைய இதழ்களை இப்போதே முழுதாகச் சேர்த்துவிடலாம்; இன்னும் இருபது ஆண்டு விட்டால் அவையும் 'சூரியோதயம்' போன வழியில் போய்விடும். நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். அதனால் இது சலுகை கேட்பதாகாது.

காந்திகிராமப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள், ஆய்வேட்டுக்காக எழுதியதையே எழுதாமல், நிலக்கோட்டை, நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காலனிகளில் இறங்கலாம். மாநாட்டு மலர், 1991 அம்பேத்கர் நூற்றாண்டு விழா நோட்டீஸ், தோல் ஷாப் தொழிலாளர் சங்கத் துண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை, கருமாதிச் சுவரொட்டி எல்லாமே வரலாறுதான். மிஷன் இதழ்களில் திண்டுக்கல் பற்றி வந்தவற்றைத் தமிழில் கொண்டுவருவதும் அவர்கள் செய்யக்கூடிய வேலை.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பேப்பர்க்காரரிடம் எடை போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டுங்கள். கைபேசியில் படம் எடுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று பின்னால் எழுதி வையுங்கள். அடுத்த ஏப்ரல் 14-ஆம் நாள் சிலைக்கு மாலை போட்ட கையோடு, ஒவ்வொரு காலனியிலும் ஒரு மேசை போட்டு இவற்றைப் பரப்பி வைத்தால், பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். கிலோ பத்து ரூபாய்க்குப் போக இருந்த காகிதத்தில் தன் பாட்டி பெயர் இருப்பதை ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்.